வீட்டையும் நாய் பூனையையும் பார்த்துக்கொண்டு பக்க வருமானம்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோட்டையூரில் இருக்கிறேன். கணவர் ஓய்வுபெற்ற பிறகு, ஏழு வருடமாக, வெளியூர் போகிறவர்களின் வீட்டையும் அவர்கள் விட்டுவிட்டுப் போகும் நாய், பூனைகளையும் பார்த்துக்கொள்கிறேன். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வரை ஸ்கூட்டரில் போய்வருவேன். "ஆச்சி, எனக்கும் இந்த வேலை சரிப்படுமா?" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது நிறைய. அவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இது வாட்ச்மேன் வேலைதானே?

இல்லை. வாட்ச்மேன் வாசலில் இருப்பார். நாம் வீட்டுக்குள் போகிறோம். பூஜை அறைக்கு விளக்கு ஏற்றுவது, துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவது, இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு எடுக்க வருகிறவருக்குக் கதவு திறந்துவிடுவது எல்லாம் இதில் சேரும். நாயோ பூனையோ இருந்தால் வேலையே அவற்றைச் சுற்றித்தான். வீடு ஒருநாள் கூட்டாமல் கிடந்தால் ஒன்றும் ஆகாது. நாய் ஒரு வேளை தண்ணீர் இல்லாமல் கிடந்தால் ஆகும்.

நம் ஊரில் இதற்கு யார் காசு கொடுப்பார்கள்? சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அடுத்த தலைமுறை சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. இங்கே இருப்பது அறுபது, எழுபது வயதுக்காரர்கள் இரண்டு பேர், துணைக்கு ஒரு நாய். மகளுக்குப் பிரசவம் என்றால் அவர்கள் கிளம்பித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் பெற்றோருக்குப் பொதுவாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும், அதனால் நாலைந்து மாதம் இருந்துவிட்டுத்தான் வருவார்கள். அத்தனை நாள் சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்ய யாருக்கும் மனம் வராது. ஒருவரிடம் கூலி கொடுத்து ஒப்படைத்தால் கேட்க வேண்டியதைக் கேட்கலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். இதை என்னிடம் பலர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் வேலை பார்க்கிறவர்கள், வங்கிக்கு மாற்றலாகி வந்தவர்கள். தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறைக்கு அவர்கள் சொந்த ஊர் போவார்கள். சென்னை போகும் பல்லவன் ரயிலில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பூனையை என்ன செய்வது என்று நிற்பார்கள். தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகும் குடும்பங்களும் வீட்டை யாரிடமாவது விட்டுத்தான் போக வேண்டும்.

எவ்வளவு வாங்கலாம்? மாதம் எவ்வளவு கிடைக்கும்?

நான் வாங்குவதைச் சொல்கிறேன். காலை, மாலை இரண்டு நேரம் போய் ஒரு நாயைப் பார்த்துக்கொள்ள நாளுக்கு 300 ரூபாய். இரவு அங்கேயே படுக்க வேண்டும் என்றால் 700. நாய் இல்லாத பூட்டிய வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை போய் ஜன்னல் திறந்து, கூட்டி, குழாய் திறந்துவிட்டு வர மாதம் 2,000. தீனி, மருந்து, டாக்டர் செலவு எல்லாம் வீட்டுக்காரர்களுடையது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒன்றரை மடங்கு கேட்பேன், நம் வீட்டுப் பண்டிகையை விட்டுவிட்டுப் போகிறோம் இல்லையா.

சித்திரை, வைகாசியில் 12,000 வரைக்கும் பார்த்திருக்கிறேன். ஆடி, ஆவணியில் 3,000 வந்தாலே அதிகம். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சீட்டுக் கட்ட, மருந்து வாங்க, பேரனுக்குச் செய்ய என்று கைச்செலவுக்கு ஆகும்.

பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள். "வந்து தருகிறேன் ஆச்சி" என்பவர்கள் ஏமாற்ற நினைப்பவர்கள் இல்லை. வந்த களைப்பிலும் பெட்டி பிரிக்கும் அவசரத்திலும் மறந்துபோவார்கள், நமக்கும் கேட்கக் கூச்சமாகிவிடும்.

வெளிநாட்டுச் செயலிகளில் பதிந்தால் வேலை வருமா?

நம் ஊருக்கு அவை ஆகாது. ட்ரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் என்பது 2010இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதில் பார்த்துக்கொள்கிறவருக்குச் சம்பளம் கிடையாது. தங்க இடம் இலவசம், பதிலுக்கு நாய் பூனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், உறுப்பினர் கட்டணம் வேறு கட்ட வேண்டும். ஊர் சுற்ற நினைப்பவர்களுக்குச் சரி. ரோவர் 2011இல் அமெரிக்காவில் வந்தது, அதில் காசு உண்டு, ஆனால் வேலை அந்தப் பக்கத்து நாடுகளில்தான். இங்கே சிபாரிசுதான் செல்லும்.

அப்படியானால் முதல் வீடு எப்படிக் கிடைக்கும்?

தெரிந்த வீடு ஒன்றில் இரண்டு நாள் பார்த்துக்கொடுங்கள், கூலியை முன்பே சொல்லி, காசு வாங்கிக்கொண்டு. சும்மா செய்துகொடுத்தால் அது உதவி, அடுத்தவரும் உதவியாகத்தான் கேட்பார். கால்நடை மருத்துவரிடமும் நாய்த் தீனி விற்கும் கடையிலும் சொல்லிவையுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது அவர்களிடம்தான்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பல வீடுகளில் தலைமுறையாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் ஒன்று இருக்கும். அவர்கள் வேலையைக் குறைந்த கூலிக்குப் பிடுங்காதீர்கள். நாயை மட்டும் நான் பார்க்கிறேன், வாசல் தெளிப்பதும் தோட்டமும் நீங்கள் பாருங்கள் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் பிழைப்பு. அந்த வீட்டில் எந்த ஜன்னல் கொக்கி சரியில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டை ஒப்புக்கொள்ளலாமா?

ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும்விட இதில்தான் நிதானம் வேண்டும். நம் பெரிய வீடுகளில் முகப்பு பொது, நடு முற்றமான வளவும் பொது. வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் மட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனித்தனி, பூட்டும் தனித்தனி. ஒரு வீட்டுக்கு எட்டுப் பங்கு, பதினாறு பங்கு என்று இருக்கும். உங்களைக் கூப்பிடுகிறவர் அதில் ஒரு பங்குக்காரர். அவர் கொடுக்கும் சாவிக்கொத்தில் வாசல் சாவி, அவர் அறைச் சாவி, கூடவே "இதுவும் இருக்கட்டும்" என்று பொதுக் களஞ்சிய அறைச் சாவியும் இருக்கும். அந்த மூன்றாவது சாவிதான் வம்பு.

எனக்கே நடந்தது. மூன்றாவது வருடம் ஒரு வீட்டில் ஒரு பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பங்காளி வீட்டார் கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். "படைப்புக்குப் பாத்திரம் எடுக்கணும் ஆச்சி, களஞ்சியத்தைத் திறங்க" என்றார்கள். படைப்பு என்பது முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது. நல்ல மனிதர்கள், முகம் தெரிந்தவர்கள். திறந்துவிட்டேன். இரண்டு பித்தளை அண்டாவும் ஒரு தூக்குச் சட்டியும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு, திருட்டு இல்லை. ஆனால் என்னை வைத்தவர் ஊரிலிருந்து வந்து, "உங்களை யார் திறக்கச் சொன்னது?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அது அவர்களுக்குள் இருந்த பழைய மனத்தாங்கல். அதன் நடுவில் நான் போய் நின்றுவிட்டேன். அந்த வீட்டுக்கு அப்புறம் போகவில்லை. சம்பளம் வந்துவிட்டது, ஆனாலும் அந்தத் தெருப் பக்கம் போக ஒரு வருடம் கூச்சமாக இருந்தது.

அதிலிருந்து இப்படிச் செய்கிறேன். பொது அறைச் சாவியை வாங்குவதே இல்லை. கொத்தில் இருந்தால் அவர் முன்னாலேயே கழற்றிக் கொடுத்துவிடுவேன். மற்றப் பங்குக்காரர்களில் குறைந்தது ஒருவரிடமாவது "இன்ன தேதியிலிருந்து இன்னார் வந்துபோவார்" என்று வீட்டுக்காரரையே போன் செய்யச் சொல்வேன், நான் கூட இருக்கும்போது. யாராவது வந்து கேட்டால் முகப்பில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டுக்காரருக்கு அங்கேயே போன் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். அவர்களே பேசிக்கொள்ளட்டும். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைத்ததில்லை.

எழுதி வாங்குவது நம் பழக்கத்துக்கு ஒத்துவருமா? நம்பிக்கை இல்லை என்று நினைக்கமாட்டார்களா?

ஒரு பக்கம் போதும். தேதி, நேரம், கூலி, எந்தெந்தச் சாவி, நாய்க்கு என்ன சாப்பாடு, எந்த டாக்டர், வீட்டுக்காரரைப் பிடிக்க முடியாவிட்டால் யாரிடம் கேட்க வேண்டும், கேட்காமல் எவ்வளவு வரை மருத்துவச் செலவு செய்யலாம். என்னிடம் பொதுவாக 5,000 ரூபாய் என்று எழுதுவோம். ஆதார் நகல் ஒன்றை நானே கொடுத்துவிடுவேன், அவர்கள் கேட்கத் தயங்குவார்கள்.

கூடவே ஒரு வரி: "பராமரிப்புக்காக மட்டும் தங்குகிறேன், வாடகையோ குடியிருப்பு உரிமையோ இல்லை." இரவு தங்கும் ஆளை வைக்க வயதானவர்களுக்கு இருக்கும் பெரிய பயம் இதுதான். பராமரிப்பாளராக ஒருவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்தச் சொத்தில் அவருக்கு உரிமை வந்துவிடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னாலே பாதிப்பேர் நிம்மதியாகிவிடுவார்கள்.

சாவி வாங்கும் அன்று இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வந்து போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஓடு, கீறல் விழுந்த தூண், ஓடாத மின்விசிறி எல்லாம் அதில் வந்துவிடும். கேமரா இருந்தால் எங்கெங்கே என்று கேளுங்கள். நீங்கள் படுக்கும் அறையில் இருந்தால் மூடிவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்புறம், ஊருக்குப் போகும் விவரத்தைக் காவல் நிலையத்தில் வீட்டுக்காரரே சொல்லிவிட்டுப் போகட்டும், உங்கள் பெயரையும் சேர்த்து.

புது ஆளிடம் நாய் ஒட்டுமா?

ஒட்டும். நாம் அவசரப்படாமல் இருந்தால்.

அவர்கள் கிளம்புவதற்கு முன் குறைந்தது மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போங்கள். முதல் தடவை நாயைத் தொடவே வேண்டாம். உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வாருங்கள், அது வந்து மோந்து பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது தடவை உங்கள் கையால் தண்ணீர் வையுங்கள். மூன்றாவது தடவை வீட்டுக்காரர் கூட வர, நீங்கள் சங்கிலியைப் பிடித்துத் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். இந்த மூன்று நாளுக்கு நான் காசு வாங்குவதில்லை.

செக்காலைப் பக்கம் ஒரு வீட்டில் ஒன்பது வயது லேப்ரடார். ஐயாவும் ஆச்சியும் மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போய்விட்டார்கள். மூன்று தடவையும் போயிருந்தேன், நன்றாகத்தான் பழகியது. அவர்கள் கார் கிளம்பிய பிறகு போய் நிலைவாசல் பக்கம் படுத்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்தது. தெருவில் கார் சத்தம் கேட்டால் புருவம் மட்டும் ஏறி இறங்கும். உடம்பு அசையாது. கறிச்சோறு வைத்தேன், தயிர்ச்சோறு வைத்தேன், முட்டை வைத்தேன். எறும்புதான் வந்தது. தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடித்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆச்சிக்கு போன் செய்தேன். அழுதுவிட்டார்கள். "துவைக்கிற கூடையில என் கண்டாங்கி ஒண்ணு கிடக்கும், அதை எடுத்துப் போடுங்க" என்றார்கள். எடுத்துவந்து பக்கத்தில் போட்டேன். எழுந்து வந்து அந்தச் சேலையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மோந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் படுத்துக் கண்ணை மூடியது. காலையில் சட்டியில் பாதிச் சோறு காலி. அதிலிருந்து நாலு மாதமும் அந்தச் சேலை துவைக்கப்படவில்லை.

அதனால் எல்லோரிடமும் இப்போது கேட்பேன்: கட்டின துணி ஒன்றைத் துவைக்காமல் வைத்துவிட்டுப் போங்கள். பெரிய நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் பயப்படாதீர்கள். இரண்டு நாள் தாண்டினால் டாக்டர். குட்டி நாய்க்கு அவ்வளவு பொறுக்கக் கூடாது, அதுவும் வாந்தி, ரத்தக் கழிச்சல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாட்டு நாய்கள் வேறு மாதிரி. ஒருவரிடம் ஒட்டினால் அவரிடம் மட்டும்தான். அப்படி ஒரு நாயை ஒப்புக்கொள்ளும்போது மூன்று தடவை போதாது, பத்து நாளாவது போய்வாருங்கள். ஓட்டத்தில் மிகவும் வேகம், பின்வாசலைத் திறக்கும் முன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுச் சாப்பாட்டையே போடலாமா?

வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்ததை மட்டும் போடுங்கள். நாம் பாசத்தில் செய்யும் தப்பு இங்கேதான். கோழிக்குழம்பு கொஞ்சம் ஊற்றிப் பிசைந்தால் நாய் ஆசையாகத் தின்னும். ஆனால் நம் குழம்பில் சின்ன வெங்காயம் எவ்வளவு போகிறது என்று நமக்குத் தெரியும், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் கூடாது. வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்த எலும்பில்லாத கறி, சோறு, அவ்வளவு போதும்.

வெயிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறரைக்குப் பின்னும்தான் நடக்க விடலாம். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் ஒழுக, மூச்சு இரைத்துத் தள்ளாடினால் வெயில் அடித்துவிட்டது என்று அர்த்தம். குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறி போட்டு, உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

பூனை சுலபம்தானே?

வேலை குறைவு, கவனம் அதிகம். பூனை வீட்டோடு ஒட்டியது, இடம் மாற்றி நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஓடிவிடும். அது இருக்கும் இடத்துக்கே நாம்தான் போக வேண்டும். வளவு மேலே திறந்திருக்கிற வீட்டில், ஓட்டின்மேல் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், பசித்தால் வரும். ஆனால் ஒரு நாள் முழுக்க ஒன்றுமே தின்னாமல் ஒளிந்துகிடந்தால் டாக்டரிடம் பேசுங்கள், பட்டினி பூனையின் ஈரலைச் சீக்கிரம் பாதிக்கும். பூனை இருக்கும் வீட்டில் ஃபினாயில் ஊற்றித் துடைக்காதீர்கள். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

கடித்துவிட்டால்?

ஊசி போட்ட நாய்தானே என்று சும்மா இருக்கக் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். முதல் நாள் தொடங்கி 3, 7, 28ஆம் நாட்களில் தவணை வரும், ஒன்றையும் விடாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் மருந்து இல்லை.

இதையே தொழிலாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் மூன்று தவணை ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நான் போட்டுக்கொண்டேன். நாயின் தடுப்பூசி அட்டையைக் கண்ணால் பார்க்காமல் எந்த வீட்டையும் ஒப்புக்கொள்வதில்லை.

வயதான நாய் நம் பொறுப்பில் இருக்கும்போது இறந்துவிட்டால்?

எனக்கு ஒருமுறை நடந்தது. பதிமூன்று வயது. காலையில் போனபோது படுத்த நிலையிலேயே போயிருந்தது. உடனே வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள், எந்த நேரமாக இருந்தாலும், குறுஞ்செய்தியில் இல்லாமல் பேசியே சொல்லுங்கள். டாக்டரைக் கூட்டிவந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கே புதைப்பது என்று வயதான நாய் உள்ள வீட்டில் முன்பே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அவர்களும் அதை மனதில் நினைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கும், இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதும் அந்த ஒரு பக்கத் தாளில் இருக்கட்டும்.

பெரிய வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

மழையை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் வளவு முற்றத்தில்தான் விழும். அது வெளியே போக மூலையில் ஒரு கைப்பிடி அளவு துவாரம்தான் இருக்கும். அதில் நாலு வேப்பிலையும் ஒரு புறா இறகும் அடைத்துக்கொண்டால் போதும், அரை மணி நேரத்தில் தண்ணீர் முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் ஏறி, தேக்குக் கதவின் அடிப்பக்கத்தைத் தொட்டுவிடும். மழை வரும் நாட்களில் நான் முதலில் போவது அந்த மூலைக்குத்தான், கையை விட்டுத் துழாவி எடுத்துவிடுவேன். அதற்கடுத்துக் கரையான். சுவரில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று நிலைக்காலின் இரு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். நாமே மருந்து அடிக்க வேண்டாம், படம் எடுத்து அனுப்பினால் போதும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு ஆசிட் ஆகவே ஆகாது. அது சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடிமேல் நிறச் சாந்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. ஆசிட் பட்டால் பூவேலை மங்கிவிடும், திரும்ப வராது. வெறும் தண்ணீரில் துடையுங்கள். நடக்க நடக்கத்தான் அதற்கு மெருகு ஏறும். நாய் ஒன்றுக்குப் போய்விட்டால் உடனே துடைத்துவிடுங்கள், கறை பிடிக்கும்.

மின்சாரம் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, எந்த நேரமும் சொல்லலாம்.

பாம்பு வந்தால்?

தோட்டமும் கிணறும் உள்ள வீட்டில் வரும். அடிக்கப் போகாதீர்கள். நாயை உள்ளே கட்டி, தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே தீயணைப்புத் துறைக்கு 101இல் சொல்லுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் வீட்டின் பின்பக்கத்து இரண்டாங்கட்டைத் தாண்டிப் போகக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனை.

சுற்றுலா வந்தவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். திறந்து காட்டலாமா?

கூடாது. கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் இது தினம் நடக்கும். கேமராவோடு வந்து, "அஞ்சு நிமிஷம்தான் அம்மா" என்று நூறு ரூபாயை நீட்டுவார்கள். அந்த நூறு ரூபாயை வாங்கினால் நம்மை வைத்தவரின் வீட்டை நாம் வாடகைக்கு விட்ட மாதிரி. ஷூட்டிங்குக்கு இடம் பார்க்க வருகிறவர்களுக்கும் இதே பதில்தான், வீட்டுக்காரர் எண்ணைக்கூடக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நீங்களும் உள்ளே எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். தஞ்சாவூர் ஓவியமும் பெல்ஜியம் கண்ணாடியும் பின்னால் தெரிய நாய்க்குட்டி படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வீட்டில் ஆள் இல்லை, இன்ன இன்ன பொருள் இருக்கிறது என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழம்பொருளுக்கு என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெண் தனியாக இரவு தங்கலாமா?

நான் தங்கமாட்டேன். கணவரோ தங்கையோ கூட வருவார்கள், அதை முன்பே சொல்லி ஒப்புக்கொண்ட பிறகுதான் தேதி கொடுப்பேன். முப்பது அறை உள்ள வீட்டில் பக்கத்து வீட்டுக்குக் குரல் கேட்காது. இளம்பெண்கள் பகல் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலேயே போதுமான வருமானம் இருக்கிறது.

தினமும் எவ்வளவு தகவல் சொல்ல வேண்டும்?

ஒரு படம், இரண்டு வரி. "காலை முழுதும் சாப்பிட்டான். நடந்து வந்தோம். வீடு நல்லபடி." சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், அங்கே இருப்பவர்களுக்கு மாலை ஐந்து மணிக்குள் அனுப்பிவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் போனால் அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள். குறையை மறைக்காதீர்கள். டம்ளர் உடைந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வரி கட்ட வேண்டுமா?

இந்த வருமானத்தையும் மற்ற வருமானத்தோடு சேர்த்துக் கணக்கில் காட்ட வேண்டும், ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் முக்கியமாக. ஜிஎஸ்டி பதிவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான், நமக்கு அந்தக் கவலை இல்லை. யுபிஐயில் வாங்குங்கள், கணக்கு தானாக இருக்கும்.

அவர்கள் திரும்பி வரும் அன்று என்ன செய்ய வேண்டும்?

முதல் நாளே வீட்டைக் கூட்டி, ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டு, பால் வாங்கிவைத்துவிடுங்கள். ரயிலோ விமானமோ தாமதமாகும், அவர்கள் வாசலில் வந்து இறங்கும் வரை நாயின் பொறுப்பு உங்களுடையதுதான், இடையில் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

கார் சத்தம் கேட்டதும் நாயைப் பிடித்து நிறுத்தாதீர்கள், வெளிக்கதவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செக்காலை நாய் ஐயாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வளவை மூன்று சுற்றுச் சுற்றியது. அதெல்லாம் அடங்கட்டும். அவர்கள் முகம் கழுவி உட்கார்ந்த பிறகு, சாவிகளை ஒவ்வொன்றாக எண்ணி வையுங்கள். செலவுச் சீட்டுகளையும் மீதிப் பணத்தையும் மேலே வையுங்கள். அந்த ஒரு பக்கத் தாளில் "சாவி பெற்றுக்கொண்டேன்" என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.